செம்பனைத் தோடு

சிரிக்க வேண்டுமென்றால் இப்போதே சிரித்துக்கொள்ளுங்கள், வேறு யாராவது இதை என்னிடம் சொல்லியிருந்தால் நானும் சிரித்திருப்பேன். ஜுருவில் பழைய கார் விற்கிறவன் நான். வண்டி வாங்குகிறவர்கள் எலுமிச்சம்பழத்தோடு வந்து நாலு சக்கரத்துக்கும் அடியில் வைத்து நசுக்கிவிட்டுத்தான் ஓட்டிப் போவார்கள், நான் பக்கத்தில் கைகட்டி நின்று மனதுக்குள் சிரிப்பேன். பேயாவது பிசாசாவது, எல்லாம் வேலை இல்லாதவன் கட்டிவிட்ட கதை என்று எத்தனையோ பேரிடம் மல்லுக்கு நின்றிருக்கிறேன். அப்படிப்பட்டவன் சொல்கிறேன், அது நடந்தது, அதுவும் பட்டப்பகலில்.

என் மனைவி வாணி தோடு செய்வாள். சின்ன அவன் அடுப்பில் வைத்துச் சுடுகிற கலர் களிமண் இருக்கிறதே, அதில்தான். ஃபேக்டரி வேலை போனதிலிருந்து பேச்சே குறைந்து சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், இந்தத் தோடு வேலை கைக்கு வந்த பிறகுதான் பழையபடி சிரிக்க ஆரம்பித்தாள். மயில், மாங்காய், தாமரை என்று என்னென்னவோ செய்வாள். முடித்ததும் ஒரு பல்குச்சியைக் கறுப்புப் பெயிண்டில் தொட்டு, தோட்டின் பின்பக்கம் ஒரு புள்ளி வைப்பாள், கண்பட்டுவிடக் கூடாதாம். ஜோடியில் ஒன்றுக்குத்தான் வைப்பாள், இன்னொன்றுக்குக் கிடையாது. தோட்டுக்கெல்லாம் திருஷ்டிப் பொட்டா என்று நான் கேலி செய்தால், குழந்தைக்கு ரெண்டு கன்னத்திலயுமா வைக்கிறோம் என்று என்னையே மடக்குவாள்.

இதை அக்கம்பக்கத்தில் விற்றால் போதாது, கடலுக்கு அந்தப் பக்கம் ஜார்ஜ் டவுனில் சின்னச் சின்னக் கடைகள் நிறைய வந்திருக்கின்றன, அங்கே கொடுத்துப் பார்ப்போம் என்று நச்சரித்தது நான்தான். அவளுக்கு ஆசையும் இருந்தது, பயமும் இருந்தது. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மோட்டார் சைக்கிளை ஃபெரியில் ஏற்றி அக்கரை போய்ச் சேர்ந்தோம்.

வெயில் மண்டையைப் பிளந்தது. காக்கி லிமா என்கிற கூரைபோட்ட நடைபாதையின் நிழலிலேயே கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு கடையில் வெறும் பூனைப் படங்கள், ஒன்றில் துணிப்பை, ஒன்றில் போஸ்ட்கார்டு, இன்னொன்றில் வெள்ளைச் சுவரில் ஒரே ஒரு படத்தை மாட்டிவிட்டு ஒரு பெண் ஏர்கானில் சும்மா உட்கார்ந்திருந்தாள். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள், படத்தை மெசேஜில் அனுப்புங்கள் பார்க்கிறோம் என்றார்கள். ஒவ்வொரு கடையை விட்டு இறங்கும்போதும் வாணியின் முகம் ஒரு சுற்றுச் சிறுத்துக்கொண்டே வந்தது. அந்த முகத்தோடு அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை, அதனால்தான் இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று இழுத்துக்கொண்டே அலைந்தேன்.

ஆர்மீனியன் ஸ்திரீட்டை விட்டுப் பிரிகிற ஒரு லோரோங்குச் சந்தில் அந்தக் கடை இருந்தது. கீழே கைவினைச் சாமான்கள், மரப்படி ஏறினால் மாடியில் ஓவியங்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். கடைக்காரர் நம் தமிழ் முஸ்லிம் அக்கா, பெயர் மும்தாஜ் என்று பிறகு தெரிந்தது. வாணியைப் பார்த்ததும் அவர் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

“வாங்க தங்கச்சி. மறுபடி வருவீங்கன்னு நெனைக்கவே இல்ல. இப்ப மொகம் எவ்வளவோ தேவல லா.”

வாணி சிரித்துவிட்டாள். இப்போதுதான் முதல் தடவையாக வருகிறேன், வேறு யாரையோ நினைத்துக்கொண்டு பேசுகிறீர்கள் அக்கா என்றாள். அந்த அக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தார், நெற்றியைப் பார்த்தார், தாலிக்கொடியைப் பார்த்தார், பிறகு கையை விட்டுவிட்டு மன்னிப்புக் கேட்டார். வாணி கொண்டுபோன தோடுகளை மேசையில் பரப்பினாள். ஒவ்வொன்றையும் புரட்டிப் பின்பக்கம் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வைத்துவிட்டுப் போங்கள், விற்றுத் தருகிறேன் என்றார் அக்கா. வாணிக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் மாடிக்குப் போய்ப் படங்களைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று ஏறிப் போனாள்.

அவள் காலடிச் சத்தம் மேலே போய்ச் சேர்ந்ததும் அக்கா என்னிடம் கேட்டார், “தம்பி, நீங்க அவங்களுக்கு அண்ணனா?”

புருஷன் என்றேன். அவர் கல்லா மேசையின் இழுப்பறையைத் திறந்து, ஒரு அட்டையில் குத்தியிருந்த ஜோடித் தோட்டை எடுத்து என் முன்னால் வைத்தார்.

எண்ணெய் எடுக்கிறார்களே, அந்தச் செம்பனையின் குலை. ஆரஞ்சும் கறுப்புமாகக் குட்டிக் குட்டிப் பழங்கள், நடுவே முள்கூட இருந்தது. வாணி பைராம் செம்பனைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். தோட்டத்துப் பிள்ளை என்று பள்ளிக்கூடத்தில் கேலி பேசியதை இன்னும் மறக்காதவள். செம்பனை மாதிரி ஒன்று செய்யேன் என்று நான் ஒருமுறை சொன்னதற்கு, பட்டது போதும், அதைக் காதில் வேறு மாட்டிக்கொண்டு திரிய வேண்டுமா என்று என்மேல் பாய்ந்தாள். அவள் அதைச் செய்ததே இல்லை. நான் தோட்டைத் திருப்பினேன். ஒன்றின் பின்னால் கறுப்புப் புள்ளி இருந்தது, மற்றதில் இல்லை.

“போன மாசம் இவங்கதான் கொண்டாந்து குடுத்தாங்க,” என்றார் அக்கா மெதுவாக. “இதே மொகம், இதே கொரல். நெத்தியில பொட்டு இல்ல, கழுத்துல ஒண்ணும் இல்ல. வீட்டுக்காரருக்கு இந்த மாதிரிக் கடையில என் தோட்ட வைக்கணும்னு ரொம்ப ஆச, இருந்த வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாருன்னு அழுதாங்க. நாந்தான் தண்ணி குடுத்து உக்கார வச்சேன்.”

அந்தத் தோட்டைக் கொடுங்கள் என்று காசை நீட்டினேன், காசு வேண்டாம், எடுத்துக்கொள்ளுங்கள் என்று தள்ளிவிட்டார். வாணி படியில் இறங்கி வருகிற சத்தம் கேட்டது, தோட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். ஃபெரியில் திரும்பும்போது அவள் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வந்தாள். நான் கடலைப் பார்த்துக்கொண்டு நின்றேன், என்ன பேசினாள் என்று இன்றுவரை தெரியாது.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அவளுக்கு அக்கா தங்கை கிடையாது. போன மாதம் தனியாக ஃபெரி ஏறினாயா என்று சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தேன், எனக்கு வழியே தெரியாதே என்றாள். வேறு யாரோ அதே மாதிரி செய்திருக்கலாம், நானும் அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டேன், ஆனால் ஒரு தோட்டுக்கு மட்டும் பொட்டு வைக்க வேறு யாருக்குத் தோன்றும்? இன்னொரு நாள் நான் மட்டும் போய் அந்த அக்காவிடம் கேட்டேன். ஆள் அடையாளம் தப்பிவிட்டது, மனசில் வைத்துக்கொள்ளாதீர்கள் என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

தோடு என் ஆபீஸ் மேசைக்குள் பூட்டிக் கிடக்கிறது. டாக்டரிடம் போய் உடம்பு முழுக்கச் சோதித்துப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை என்றார். மோட்டாரை விற்றுவிட்டேன். இப்போது வண்டி வாங்குகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்தால் நானே குனிந்து சரியாக இருக்கிறதா என்று பார்க்கிறேன்.

வாணியின் வியாபாரம் நன்றாக நடக்கிறது. புதிதாக எது செய்தாலும் முதலில் என்னிடம்தான் காட்டுவாள், கையை நீட்டச் சொல்லி உள்ளங்கையில் வைப்பாள். ஒவ்வொரு முறையும் அது அந்தத் தோடா என்று பயந்து பயந்துதான் பார்ப்பேன், இல்லை என்று தெரிந்த பிறகுதான் எனக்கு மூச்சே வரும், நன்றாக இருக்கிறது என்று அதற்கப்புறம் சொல்வேன். அவளுக்கு என் முகம் தெரியாதா? ஒருநாள் கேட்டுவிட்டாள்.

“நான் செய்றது ஒங்களுக்குப் புடிக்கலன்னா சொல்லிருங்க. ஒவ்வொரு தடவயும் மொகம் ஏன் அப்படிப் போவுது?”

வேலைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டேன். அன்றிலிருந்து அவள் எனக்குக் காட்டுவதில்லை. நான் அறைக்குள் போனால் மேசைமேல் ஒரு துண்டைப் போட்டு மூடிவிடுகிறாள். நேற்று சோறு போட வந்தபோது பார்த்தேன், விரல் இடுக்கில் ஆரஞ்சுக் களிமண் ஒட்டியிருந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டேன். சாமந்திப் பூ என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் அந்தத் துண்டைத் தூக்கிப் பார்க்கவில்லை.