மூக்கம்மாவின் இரண்டு ஸ்பூன்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மட்டும் மூக்கம்மாவுக்குப் பற்பசை கிடையாது. வெறும் தண்ணீரில் நாலு கொப்பளிப்பு, அவ்வளவுதான். அன்று வீட்டில் வெங்காயம் நறுக்கக் கூடாது, பவுடர் டப்பாவைத் திறக்கக் கூடாது. கணவர் சவரம் செய்துகொண்டாலும் முகத்தில் எதையும் தடவக் கூடாது. "கல்யாணமான நாள்லேர்ந்து ஞாயித்துக்கிழமை மட்டும் நான் வெறும் மனுஷ வாசனையோடதான் திரியறேன்" என்பார் அவர்.

மூக்கம்மாவுக்குக் குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருட வேலை. மாதிரித் தண்ணீரைக் குடுவையில் லேசாகச் சூடாக்கி, மூடியைத் திறந்த நொடியில் முகர்ந்து, குளோரினா, பாசியா, துருப்பிடித்த குழாயா என்று எழுதிக் கொடுக்க வேண்டும். எந்திரம் சொல்வதற்கு முன்னால் இவர் சொல்லிவிடுவார். அங்கே வைத்த பெயர்தான் மூக்கம்மா. நேரிலேயே அப்படிக் கூப்பிட்டாலும் கோபம் வராது. உள்ளூரப் பெருமை.

அந்த மூக்குக்கு ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வில்லை. பதினோரு மணிக்குக் கணவர், கூட வேலை பார்க்கும் கெமிஸ்ட், மாடிவீட்டுப் பல் டாக்டர் மூவரும் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிடுவார்கள். ஒரே ஆலையில் வடித்த சிங்கிள் மால்ட் விஸ்கிதான். முறை வைத்து ஒருவர், பேர் தெரியாமல் புட்டிக்குப் பழைய காலுறையை மாட்டி ஆளுக்கு ஒரு மடக்கு ஊற்றுவார்; மற்றவர்கள் முகர்ந்து, எந்த நாட்டுச் சரக்கு, எந்தப் பக்கம் என்று சொல்ல வேண்டும். மூக்கம்மா குடிப்பதே குறைவு. கிளாஸைச் சாய்த்துக் கண்ணை மூடி, "தீவுச் சரக்கு. கடல் காத்து பட்டிருக்கு. பீப்பாய் பழசு" என்பார். காலுறையைக் கழற்றினால் பத்துக்கு எட்டு சரியாக இருக்கும். டாக்டர் எழுந்து நின்று ஒரு சலாம் போடுவார். ஏழு வருடமாக அந்தச் சலாம் மூக்கம்மாவுக்கு மட்டும்தான், நாத்தனார் வரும்வரை.

கணவனைப் பிரிந்து, இரண்டு பெட்டியோடு அண்ணன் வீட்டுக்கு வந்தவள். செருப்புக் கடையில் வேலை. முதல் ஞாயிறு கொடுத்ததையெல்லாம் முகர்ந்துவிட்டு வாயே திறக்கவில்லை. மூன்றாவது வாரம் சொன்னாள்: "இது மொத வாரம் ரெண்டாவதா ஊத்தினது அண்ணி. புது ஷூ பெட்டியத் திறந்தா வருமே, அந்த வாசனை." காலுறையைக் கழற்றினார்கள். அதேதான்.

ஊர் பேர்களைச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. சொல்லிக் கொடுத்த பிறகு பிசகவில்லை. மூக்கம்மா ஜப்பான் என்ற ஒன்றை அவள் தைவான் என்றாள். தைவான்தான். டாக்டரின் சலாம் மேஜையின் அந்தப் பக்கம் போயிற்று.

"யாரும் கத்துக் கொடுக்கல பாரு, அதுவா வருது என் தங்கச்சிக்கு" என்றார் கணவர்.

"நல்லதுதானே" என்றார் மூக்கம்மா. அன்றிலிருந்து நாத்தனார் துணி காயப்போட்டால் கோணல், குழாயை மூடினால் சொட்டு, சிரித்தால் சத்தம். மதிய இடைவேளையில் சின்னக் குப்பிகளில் விஸ்கியைக் கொண்டுபோய், பரிசோதனைக் கூடத்தின் மூலையில் தனியாக நின்று முகர்ந்து பழகினார்.

அடுத்த மாதம் ஊற்றும் முறை மூக்கம்மாவுடையது. சமையலறைக் கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு நாலு கிளாஸிலும் ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றங்கரை விஸ்கியை ஊற்றினார். நாத்தனாருடையதில் மட்டும் கொஞ்சம் குறைத்து, ஜப்பான் விஸ்கி இரண்டு ஸ்பூன் விட்டுக் கலக்கினார். நிறத்தில் துளி வித்தியாசமில்லை.

மற்ற மூவரும் ஆற்றங்கரை என்றார்கள். நாத்தனார் முகர்ந்தாள். புருவம் சுருங்கியது. ஒரு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள்.

"தெரியல அண்ணி. இன்னிக்குப் பிடிபடல."

"சும்மா ஒண்ணு சொல்லும்மா" என்றார் டாக்டர்.

"மூக்கடைப்பு, டாக்டர். விட்டுடுங்க."

மூக்கம்மாவுக்கு ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது, எல்லோரும் எழுந்து போகும்வரை. நாத்தனார் கிளாஸ்களைக் கழுவ வந்தாள். உப்பு போதுமா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"என் கிளாஸ்ல ரெண்டு இருந்துச்சு இல்ல அண்ணி? ரெண்டாவது ஜப்பான். ரெண்டு ஸ்பூன் இருக்குமா?"

மூக்கம்மா காலுறையை எடுத்து மடித்தார்.

"அவங்க எதிர்ல எதுக்குன்னு விட்டுட்டேன். கடைக்குப் பக்கத்துலயே ஒரு ரூம் பாத்திருக்கேன். அடுத்த வாரம் போயிடறேன். அண்ணன்கிட்ட நானே சொல்லிக்கறேன்."

போகாதே என்று சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்துவிட்டது.

"ரெண்டு இருக்குன்னு எப்பத் தெரிஞ்சுது உனக்கு? முகரும்போதா, குடிச்சப்பவா?"

நாத்தனார் ஒரு கணம் அவரையே பார்த்தாள். "முகரும்போதே அண்ணி" என்று சொல்லி, கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது.

அவளுடைய கிளாஸ் மட்டும் கழுவாமல், பாதி விஸ்கியோடு மேடையில் இருந்தது. மூக்கம்மா சமையலறைக் கதவைச் சாத்தினார். கிளாஸை எடுத்துக் கண்ணை மூடி முகர்ந்தார். ஆற்றங்கரை மட்டும்தான் இருந்தது. மூச்சை முழுதாக வெளியே விட்டுவிட்டு மறுபடி முகர்ந்தார். பிறகு கிளாஸை உள்ளங்கைகளுக்குள் பொத்திச் சூடேற்றிக்கொண்டு, மூன்றாவது தடவை மூக்கை உள்ளே விட்டார்.