வரைவுக்கு வந்த பின்னூட்டம்

பேய், ஆவி, முன்கூட்டியே தெரிவது, இதிலெல்லாம் எனக்கு நம்பிக்கை இருந்ததே இல்லை. தைரியசாலி என்பதால் அல்ல. கேஸை மூடினேனா, ரயில் பாஸ் பையில் இருக்கிறதா, மகளுக்குச் சளி நெஞ்சில் இறங்கிவிட்டதா என்று பயப்படவே எனக்கு ஒரு நாள் போதவில்லை, இதில் பேய்க்கு எங்கே நேரம். அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டாலும் நான் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் நடந்தது.

ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மிஷின் ஓட்டுகிறேன். பட்டாபிராமிலிருந்து ரயிலில் போய் வரும்போது, இடம் கிடைத்தால் உட்கார்ந்து, கிடைக்காவிட்டால் கம்பியில் சாய்ந்து, போனிலேயே இந்த வலைப்பூவில் எழுதுவேன். ரயிலில் கேட்ட சண்டை, டிபன் பாக்ஸ், மழை, அவ்வளவுதான். இதற்கும் ஏழு பேர் தவறாமல் பின்னூட்டம் போடுகிறார்கள். மதுரையில் ஒரு டீச்சர், என் எழுத்துப்பிழைகளை வரிசையாகத் திருத்திவிட்டு, கடைசியில் 'அழவைத்துவிட்டீர்கள் தம்பி' என்பார். இவர்கள் இரண்டு நாள் வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. எதையாவது தப்பாக எழுதி மனதை நோகடித்துவிட்டோமோ என்று பழைய பதிவுகளைப் புரட்டிக்கொண்டே இருப்பேன்.

போன மழைக்காலத்தில் ஒரு நாள், இவர்களுக்கு நன்றி சொல்லி ஒரு பதிவு போடலாம் என்று சாப்பாட்டு வேளையில் ஆரம்பித்தேன். ஏழு பெயரையும் எழுதி, யாரை முதலில் போட்டால் யார் வருத்தப்படுவார்கள் என்று மாற்றி மாற்றி அடுக்கி, ஒரு முடிவுக்கும் வராமல் வரைவாகச் சேமித்துவிட்டுக் கை கழுவப் போனேன். வெளியிடவில்லை. வரைவு என்றால் எழுதியவனைத் தவிர வேறு யார் கண்ணிலும் படாது.

வந்து பார்த்தால் அந்த வரைவுக்குக் கீழே ஒரு பின்னூட்டம் என் ஒப்புதலுக்காகக் காத்திருக்கிறது. போட்டவர் 'பெயரில்லா'.

'அண்ணா, இடது கையாலேயே இவ்வளவையும் தட்டி எங்களுக்கு நன்றி சொல்லியிருக்கிறீர்கள். படித்துவிட்டு அழுதேன். வலது கை ஆறட்டும். மெதுவாக எழுதுங்கள், நாங்கள் எங்கேயும் போய்விட மாட்டோம்.'

என் வலது கையில் ஒரு கீறல்கூட இல்லை, சாம்பார் வாசனைகூடப் போகவில்லை.

பக்கத்து மிஷின் ஏழுமலையிடம் போனைக் காட்டினேன்.

"கை தவறி பப்ளிஷ் பண்ணிகினு இருப்ப. எவனோ கலாய்ச்சிக்கிறான், வுடுண்ணே."

"பப்ளிஷ் ஆகலடா, நல்லா பாரு."

"ஆகாம எப்டி கமென்ட் வரும்? மொதல்ல இந்த டப்பா போனை மாத்து. வா, மணி அட்ச்சிட்டான்."

எங்கள் வேலை இதுதான்: தகட்டை வைத்து மிதியை அழுத்தினால் மேலிருந்து அச்சு இறங்கி வெட்டும். வெட்டிய பீஸை இடுக்கியால்தான் எடுக்கவேண்டும் என்று சுவரிலேயே எழுதியிருக்கிறது. யாரும் எடுப்பதில்லை. கையால் எடுத்தால்தான் வேலை ஓடும், இடுக்கி ஆணியில் தொங்கிக்கொண்டிருக்கும். இவ்வளவுக்கும் பயப்படுகிற நீ இதற்கு மட்டும் ஏன் பயப்படவில்லை என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு அந்த இடுக்கியைத் தூசி தட்டி எடுத்தேன்.

"இன்னாண்ணே, பூரி சுட்டுகினு கீற?" ஏழுமலை கத்த, பட்டறையே சிரித்தது. "எனக்கு ரெண்டு, கெழங்கோட!"

அரை மணி நேரம் போயிருக்கும். பீஸை எடுக்க இடுக்கியை உள்ளே விட்டேன். மிதியில் என் கால் இல்லை, என் மகள் மேல் சத்தியமாக இல்லை, அச்சு தானாக இன்னொரு தரம் இறங்கியது. இடுக்கியின் நுனி அப்பளமாகிவிட்டது. ஏழுமலை ஓடிவந்து சுவிட்சை அணைத்துவிட்டு, என் வலது கையைப் பிடித்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தான்.

மெக்கானிக் வந்து உள்ளே ஸ்பிரிங் உடைந்திருக்கிறது என்றார். சரி, மிஷின் என்றால் உடையும், அதில் ஒன்றும் இல்லை. ஆனால் பெயரில்லாவுக்கு எப்படித் தெரிந்தது? ஏழு பேரிடமும் சுற்றி வளைத்துக் கேட்டுப்பார்த்தேன். எல்லோரும் 'நான் இல்லை' என்றுவிட்டார்கள். டீச்சர் மட்டும், "ஏன் தம்பி, உடம்புக்கு ஏதாவதா?" என்று கேட்டார்.

அந்தப் பதிவை நான் வெளியிடவே இல்லை. வெளியிட்டால் மிச்சமும் நடந்துவிடுமோ என்று பயம். அதனால் உங்கள் ஏழு பேருக்கும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், நன்றி. நீங்கள் வந்து நாலு வார்த்தை எழுதிவிட்டுப் போவதால்தான் நான் எழுதுகிறேன். யாருக்கு முதலில் என்று கேட்காதீர்கள்.

போன வாரம் ஆவடி தாண்டும்போது ஏதோ தேடப்போய் வரைவுப் பட்டியல் கண்ணில் பட்டது. அந்த வரைவின் பக்கத்தில் ஒன்று என்று இருந்த பின்னூட்ட எண்ணிக்கை இப்போது ஒன்பது. கடைசியாக வந்ததன் முதல் வரி மட்டும் தெரிந்தது: 'அண்ணி, மனதைத் தேற்றிக்கொள்ளுங்கள். அண்ணன் எழுதியதெல்லாம்…'

திறக்கவில்லை. அழிக்கவும் விரல் போகவில்லை. நான் எழுதுகிறேன் என்பதே என் மனைவிக்கு இன்றுவரை தெரியாது.