போ கண்ணு, திரும்பிப் போ

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுகிறவள் நான். நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

என் மூத்த மகள் செல்விக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. கொஞ்ச தூரம் ஓடினாலே உதடு நீலமாகி, அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிடுவாள். தொடை வழியாகக் குழாய் விட்டு, சுருங்கிய வால்வை விரிக்க வேண்டும் என்றார் சேலத்து டாக்டரம்மா. எடை, வயது, ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்துவிட்டு, "மத்த குழந்தைகளைவிட இவளுக்கு ஆபத்து அதிகம்மா. நடுவுல இதயம் நின்னுபோகக்கூட வாய்ப்பிருக்கு. செய்யாம விட்டாலும் ஆபத்துதான்" என்றார்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நின்னுச்சுன்னா மறுபடி ஓட வையுங்க. என்ற புள்ளைய நான் உட்டுத் தரமாட்டனுங்க" என்றேன்.

சிகிச்சை நடந்த அன்றைக்கு என் கைக்குழந்தைக்குக் காய்ச்சல். அதனால் நான் கொல்லிமலையில், வாழவந்தி நாடு என்கிற எங்கள் ஊர் வீட்டிலேயே தங்கிவிட்டேன், வீட்டுக்காரர்தான் செல்வியோடு ஆஸ்பத்திரியில் இருந்தார். பட்டப்பகல். வாசலில் மிளகைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தால், நம்பினால் நம்புங்கள், பலா மரத்தடியில் செல்வி குத்தவைத்து உட்கார்ந்திருக்கிறாள், ஆஸ்பத்திரியின் பச்சை அங்கியோடு, உதடெல்லாம் நீலமாக. ஓடிப்போய்த் தூக்கத்தான் கை பரபரத்தது, ஆனால் தூக்கினால் அவ்வளவுதான் என்று உள்ளே ஏதோ சொன்னது.

"இங்க உனக்கு என்ன வேலை? அப்பா அங்க காத்துக்கிட்டு இருக்காரு. போ கண்ணு, திரும்பிப் போ!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். அவள் நகரவில்லை. மிளகை அள்ளி அவள்மேல் வீசினேன், பெற்றவள் செய்கிற காரியமா அது, ஆனால் செய்தேன். அடுத்த கணம் மரத்தடியில் யாரும் இல்லை.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. "புள்ளைக்கு இதயம் நின்னு போச்சு... நெஞ்ச அமுக்கி அமுக்கி ஓட வெச்சுட்டாங்க. பொழச்சுக்கிட்டா" என்று வீட்டுக்காரர் அழுதார். டாக்டரம்மா கணித்தது அப்படியே நடந்திருந்தது.

பயத்தில் வந்த பிரமை என்கிறார் வீட்டுக்காரர். நானும் அப்படியே விட்டிருப்பேன், மறுநாள் பக்கத்துக் காட்டில் வெள்ளாமை பார்க்கிற ராசம்மாக்கா வந்து கேட்காமல் இருந்திருந்தால். "ஏங்கண்ணு, நேத்து செல்விப் பாப்பாவ ரோட்டு வளைவுல பாத்தனே, கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போனாளே ஒரு பொம்பள, அது ஆரு?"

செல்வி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், நன்றாக ஓடுகிறாள். ஆனால் தனியாக நடக்கும்போது அவள் இடது கை மட்டும், யாரோ பிடித்திருப்பது போல, லேசாக உயர்ந்தே இருக்கிறது. கண்ணில் பட்டால் நான் சும்மா இருக்கமாட்டேன். ஓடிப்போய் அந்தக் கையை வெடுக்கென்று இழுத்து என் கைக்குள் வைத்துக்கொள்வேன்.