இறால் தொட்டியில் ஆமைக் குஞ்சுகள்

அந்த ஆமைக் குஞ்சுகளைக் கொன்றது எங்கள் வலை இல்லை. எங்கள் கடற்கரையில் ஆமைக் காப்புக் குழு நடத்துகிற செயலாளர்தான் கொன்றார். தெரியாமல் செய்யவில்லை, தெரிந்தே செய்தார். எப்படி வைத்தால் குஞ்சு சாகும் என்பதை எங்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே அவர்தான்.

நான் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரி. கருவாடு காயவைத்து விற்கிறேன். வீட்டுக்காரர் கரைவலைக் கூட்டத்தில் இருக்கிறார். படகில் வலையைக் கொண்டுபோய்க் கடலில் வளைத்து விட்டுவிட்டு, இரண்டு முனையையும் மணலில் நின்று ஆட்கள் இழுப்பார்கள். அதுதான் எங்கள் வீட்டில் அடுப்பெரிக்கிற வலை. ஆமை முட்டையிடும் மாதங்களில் கரையில் ஆமை இட்ட முட்டைகளை எடுத்துவந்து மணல் குழிகளில் புதைத்துப் பொரிக்கவைக்கிற குழுவின் கொட்டகைக்குக் காவல் இருக்க என்னைக் கூப்பிட்டார்கள். நாற்றம் தாங்குகிற ஆள் வேண்டும் என்றார்கள். மீன் குடலை அள்ளுகிறவளுக்கு நாற்றம் என்ன பெரிய விஷயம் என்று போனேன்.

ஆமை நாற்றம் வேறு மாதிரி. பங்குனி ஆமை என்று நாங்கள் சொல்கிற கடலாமைகள் தை மாதத்தில் செத்துக் கரை ஒதுங்கும். கண் பிதுங்கி வெளியே தொங்கும். வயிறு ஊதி, வெயிலில் தோல் வெடித்து, உள்ளே இருக்கிற முட்டைகள் கூழாக வழியும். நாய்கள் தலையை உள்ளே விட்டு இழுக்கும். அந்த நாய் பிறகு வந்து நம் காலை நக்கும். இழுவைப் படகுகளின் வலையில் மாட்டி, மூச்சுக்கு மேலே வர முடியாமல் செத்தவை அவை. எங்கள் வலையில் ஆமை மாட்டுவதே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். மாட்டும். உயிரோடு இருந்தால் வலையை அறுத்துக் கடலில் விட்டுவிடுவோம், செத்திருந்தால் புதைப்போம். எங்கள் ஆட்கள் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு குழி தோண்டிப் புதைத்த ஆமைகளுக்குக் கணக்கே கிடையாது. அப்போதெல்லாம் யாரும் பேனர் கட்டவில்லை.

கொட்டகை போட்ட வருஷம் செயலாளர் எங்களுக்கு வகுப்பு எடுத்தார். நன்றாகவே எடுத்தார், அதை மறுக்க மாட்டேன். ஆமை மீன் இல்லை, பாம்பு, பல்லி, முதலை மாதிரி ஊர்வன இனம் என்றார்.

வலைக்கார அண்ணன் ஒருவர் கை தூக்கினார். "சார், முதலைக்குச் சொந்தம்னா கறி எப்டி சார் இருக்கும்?"

"சாப்பிட்டா ஜெயில்ல களி எப்படி இருக்கும்னு தெரியும்."

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். அன்றைக்கு நல்ல மனிதராகத்தான் தெரிந்தார்.

ஆமையின் ஓடு அது தங்குகிற வீடு இல்லை, அதன் விலா எலும்பே அகன்று ஒன்றோடொன்று சேர்ந்து ஓடாகிவிட்டது என்றார். அதன் மூதாதைகள் தரையில் வாழ்ந்தவை, பிறகு கடலுக்குப் போய்விட்டன என்றார். கால் துடுப்பாக மாறியது. வேண்டாத உப்பைக் கண்ணீராக வடித்துவிடக் கண்ணருகே சுரப்பி வந்தது. ஆனால் நுரையீரல் அப்படியே இருந்துவிட்டது. செவுள் கிடையாது. நம்மைப் போல மேலே வந்துதான் மூச்சு விட வேண்டும். முட்டையும் தரை முட்டையாகவே இருந்துவிட்டது. தண்ணீரில் போட்டால் உள்ளே இருக்கிற குஞ்சு மூச்சு முட்டிச் சாகும். அதனால்தான் கடலிலேயே வாழ்கிற தாய் ஆமை முட்டையிட மட்டும் தன் பாரத்தை இழுத்துக்கொண்டு மணலுக்கு வருகிறது. டைனோசர்கள் நடமாடிய காலத்திலேயே ஆமைகள் இருந்தன, அவற்றை ஒழித்த பேரழிவையும் தாண்டி இதுவரை வந்துவிட்டன என்றார்.

முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது, சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண் என்றார். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூன்று பெண் பிள்ளை பெற்றவள். "எங்க மாமியாருக்கு இது தெரிஞ்சிருந்தா என்னிய ஐஸ் பொட்டி மேலயே படுக்க வெச்சிருக்கும்" என்றாள். கூடமே அதிர்ந்தது.

கடைசியாக அவர் சொன்னதுதான் முக்கியம். குஞ்சு பொரிந்து வரும்போது வயிற்றுக்குள் கொஞ்சம் மஞ்சள் கரு மிச்சம் இருக்கும். அதுதான் அதற்குக் கட்டுச்சோறு. வெளியே வந்தவுடன் வெறி பிடித்த மாதிரி ஓடும், கடலில் விழுந்ததும் நிற்காமல் நீந்தும். கரையோரத்தில் மீனும் பறவையும் தின்பதற்குள் ஆழத்துக்குப் போய்விட வேண்டும் என்பதற்கான வேகம் அது. அந்த வேகம் ஒரு தடவைதான். பிடித்து வைத்தால் வீணாகிவிடும். "ஒரு குஞ்சைக்கூட வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பக்கெட்டில் போடாதீங்க. அது பக்கெட்டுக்குள்ளேயே நீந்தி நீந்திச் சாகும்" என்றார். இது அவர் வாயால் சொன்னது. கூடத்தில் இருந்த அத்தனை பேரும் கேட்டோம்.

போன வருஷம் பங்குனியில் ஒரு நாள், வெயில் இறங்கியதும், கொட்டகையில் ஒரு குழியின் மேல் மணல் உள்வாங்கியது. கொஞ்ச நேரத்தில் மூக்குகள் தெரிந்தன. ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு, கறுப்பாக, ஈர மண் ஒட்டிய உடம்போடு ஏறி வந்தன. பக்கத்துக் குழியும் அன்றைக்கே பொரிந்தது. கூடையில் அள்ளி அலைக்குக் கொஞ்சம் மேலே மணலில் விட வேண்டும், அவையாக நடந்து போகும். அதுதான் முறை. செயலாளருக்கு போன் போட்டேன்.

"விட்டுடாதீங்கம்மா. நாளைக்குக் காலையில சிறப்பு விருந்தினர் வர்றார். நான் வண்டியோட வர்றேன்" என்றார்.

சிறப்பு விருந்தினர் என்றால் இறால் பண்ணை முதலாளி. கொட்டகை போட்டுக் கொடுத்தவர் அவர். அவர் பண்ணையின் கழிவுத் தண்ணீர் எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கிற ஏரியில் விழுகிற இடத்தில் பச்சை நுரை மிதக்கும், அதில் இறங்கினால் காலெல்லாம் அரிக்கும். இறால் குஞ்சு ஏற்றுகிற வண்டியில், இறால் குஞ்சு விடுகிற நீலத் தொட்டியோடு செயலாளர் வந்தார். கடல் தண்ணீர் நிரப்பினார்கள். குழுப் பையன்கள் எல்லாக் குஞ்சுகளையும் அதில் கொட்டி, இறாலுக்கு வைக்கிற காற்று மோட்டாரையும் போட்டுவிட்டார்கள். தண்ணீர் கொப்பளித்தது.

என் வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். "இன்னாம்மே, மூக்கு வெச்சிகினு கீற ஜந்துக்குத் தண்ணிக்குள்ள காத்து வுடறானுங்க?"

நான் செயலாளரிடம் போனேன். "சார், நீங்கதான சொன்னீங்க, பக்கெட்ல போடக் கூடாதுன்னு."

"இது பக்கெட் இல்லம்மா."

"அதவிடப் பெருசு. அதவிட மோசம்."

"ஒரு நாள்தானே. நிகழ்ச்சி நடந்தாத்தான் அடுத்த வருஷம் கொட்டகை. புரிஞ்சுக்கோங்க." பிறகு வீட்டுக்காரரைப் பார்த்துச் சொன்னார், "அண்ணே, நாளைக்கு இங்க வலை போடாதீங்க. வி.ஐ.பி. வர்ற நேரத்துல கரையில கயிறு கிடந்தா அசிங்கமா இருக்கும்."

எங்கள் ஆட்கள் ஒத்துக்கொண்டார்கள். வலையைக் கரையிலேயே குவித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் முதலாளி வரவில்லை. வேறு கூட்டமாம். தொட்டியைப் போய்ப் பார்த்தேன். எல்லாக் குஞ்சும் ஒரே பக்கமாகச் சுவரை முட்டி முட்டி நீந்திக்கொண்டிருந்தன. முட்டியது சறுக்கி அடியில் போகும், அதன் தலைமேல் இன்னொன்று ஏறும். மூச்சுக்கு மேலே வருகிற தலையை அடுத்ததின் துடுப்பு அமுக்கும். முட்டை ஓட்டுத் துணுக்குகளும் எச்சமும் சேர்ந்து தண்ணீர் வடிகஞ்சி மாதிரி ஆகிவிட்டது. மோட்டார் அதை நுரைக்கவைத்தது. பழைய ரத்தமும் அழுகிய முட்டையும் கலந்த வாடை வந்தது. சில குஞ்சுகள் கழுத்து தொங்க மிதந்தன. ஒரு பையன் வடிகட்டியால் அவற்றை அள்ளிச் சவுக்குத் தோப்புப் பக்கம் வீசினான். நாய்கள் அங்கே தயாராக இருந்தன. 

உச்சி வெயில் சாய்ந்த பிறகு முதலாளி வந்தார். டைனோசர் படம் போட்ட பேனருக்குக் கீழே நின்று, டைனோசர் காலத்து உயிரை நாம் காப்பாற்றுகிறோம் என்று பேசினார். ஒரு குஞ்சைக் கரப்பான் பூச்சியைப் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலால் துடுப்பைப் பிடித்துத் தூக்கினார். போட்டோ எடுத்தார்கள். கீழே போட்டுவிட்டுக் கைக்குட்டையால் விரலைத் துடைத்தார். துடைத்த கைக்குட்டையையும் மணலிலேயே போட்டார்.

மற்றவற்றைப் பையன்கள் சுடுகிற மணலில் கொட்டினார்கள். ஒன்றுகூட ஓடவில்லை. முந்தின நாள் ஒன்றை ஒன்று மிதித்துக்கொண்டு ஏறி வந்த அதே குஞ்சுகள், கன்னத்தை மணலில் வைத்துக்கொண்டு கிடந்தன. கடலில் நீந்த வேண்டியதை அவை தொட்டியிலேயே நீந்தித் தீர்த்துவிட்டன. படம் நன்றாக வரவில்லை என்று ஒருவன் செருப்புக் காலால் அவற்றை அலைப் பக்கம் தள்ளினான். அலை எடுத்தது, திருப்பிக் கொண்டுவந்து போட்டது. காக்கைகள் கண்ணை முதலில் கொத்தின. முதலாளி காரில் ஏறிவிட்டார். மற்றவர்கள் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். தின்றுவிட்டு எலும்பை அங்கேயே போட்டார்கள். எது கோழி எலும்பு, எது குஞ்சு என்று பார்த்துத்தான் கால் வைக்க வேண்டியிருந்தது.

அடுத்த நாள் விடிந்தபோது கரையோரம் முழுக்கக் குஞ்சுகள் செத்து ஒதுங்கியிருந்தன. நான் கருவாட்டுப் பாயை எடுத்துக்கொண்டு வந்தேன். குழுப் பையன்கள் இரண்டு பேர் செத்த குஞ்சுகளைப் பொறுக்கி எங்கள் வலைக் குவியல் மேல் பரப்பிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா பண்றீங்க?"

"சார் கேட்டாரு யக்கா."

அவர்களைத் தள்ளிவிட்டு வலைக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முந்தின நாள் இறங்காத வலை மொடமொடவென்று காய்ந்திருந்தது. அதன் மேல் ஈரக் குஞ்சுகள்.

சாயங்காலத்துக்குள் அந்தப் படம் குழுவின் இணையப் பக்கத்தில் வந்துவிட்டது. நேற்றுப் பாசத்தோடு கடலில் விட்ட குஞ்சுகள் கரைவலையில் சிக்கி இறந்தன, மீனவர்களுக்கு விழிப்புணர்வு தேவை என்று எழுதியிருந்தார்கள். படத்தைப் பார்த்த அதிகாரிகள் வந்து, அந்தக் கரையில் மறு உத்தரவு வரும்வரை கரைவலை போடக் கூடாது என்றார்கள். நாங்கள் சொன்னதைக் கேட்கவில்லை. அவர்கள் போனைக் காட்டினார்கள், நாங்கள் வாயால் பேசினோம்.

அன்றையிலிருந்து வலை கிடையாது. ஆட்கள் கோட்டைக்குப்பம் பக்கம் கூலிக்கு ஏரி வலை இழுக்கப் போகிறார்கள். சிலர் எளாவூர்ப் பக்கம் செங்கல் தூக்குகிறார்கள். தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி என்னைப் பார்த்து, "ஆமைக்கு ஆயா வேல பாத்தியே, இப்ப அந்த ஆம வந்து உனுக்குச் சோறு போடுதா?" என்று கேட்டாள். அவள் புருஷனும் அதே வலைக்காரன்.  அவள் கேட்டதில் தப்பில்லை.

இந்த வருஷம் கொட்டகை போடுகிற நேரம் வந்ததும் செயலாளர் போன் போட்டார். போன வருஷம் எதுவும் நடக்காத மாதிரியே பேசினார். காவலுக்கு வரச் சொன்னார்.

"வலைக்குத் தடை போட்டுட்டு இன்னாத்துக்கு சார் நான் காவல் இருக்கணும்?"

"அதப் பத்தித்தான் பேச வந்தேன். உங்க வீட்டுக்காரருக்கு மட்டும் படகுல போற மாதிரி வேற அனுமதி நான் வாங்கித் தர்றேன். நீங்க பழசப் பேசாம இருந்தா போதும்."

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். வீட்டுக்காரர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்ன சொல்வாரோ என்று எனக்கே பயமாக இருந்தது. வீட்டு நிலைமை அப்படி. அவர் கையை உதறிவிட்டு போன் பக்கம் குனிந்தார்.

"நைனா, கரைவலைய ஒருத்தன் இழுக்க முடியாது. அதான் அதுல விசேஷமே. இத்தன நாளு கரைல கீறியே, அத்தகூடப் பாக்கலியா நீ?"

செயலாளர் போனை வைத்துவிட்டார். பிறகு நான் கூப்பிட்டபோதெல்லாம் எடுக்கவே இல்லை.

அதனால்தான் எழுதுகிறேன். எனக்குத் தனியாக எந்தச் சமாதானமும் வேண்டாம். செயலாளரே, குஞ்சுகளை இறால் தொட்டியில் போடச் சொன்னது யார்? அன்றைக்கு வலை போடக் கூடாது என்று சொன்னது யார்? காய்ந்த வலையில் செத்த குஞ்சுகளைப் பரப்பச் சொன்னது யார்? போனில் சொல்லாதீர்கள். அந்தப் படத்தை எந்தப் பக்கத்தில் போட்டீர்களோ அந்தப் பக்கத்திலேயே, உங்கள் பெயரைப் போட்டு, ஊரும் அதிகாரிகளும் படிக்கிற மாதிரி பதில் எழுதுங்கள்.