சென்னியப்பனும் பட்டுக்கடை நாய்களும்

ஆர்.எஸ்.புரம் டி.பி. ரோட்டில் இருந்த லட்சுமணசாமியின் பட்டுக்கடையில் நாய்களைப் பற்றி இரண்டு விதிகள் இருந்தன. நாய் உள்ளே வரக்கூடாது என்பது முதல் விதி. நாய் உள்ளே வரக்கூடாது என்று யாரும் சொல்லக்கூடாது என்பது இரண்டாவது. இரண்டையும் ஒரே சமயத்தில் காப்பாற்றும் வேலை வாசலில் நின்ற சென்னியப்பனுடையது.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து வீடுகளுக்கு மாருதி கார் வந்த வேகத்திலேயே வெள்ளைப் பொமரேனியனும் வந்துவிட்டது. காரும் நாயும் இருக்கும்போது இரண்டையும் நாலு பேர் பார்க்க வேண்டாமா? நாயைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்கு வந்தார்கள். பட்டுக்கடையில் மனிதர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் படியேற வேண்டும். வெள்ளை விரிப்புப் போட்ட மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார வேண்டும். நாய்க்குக் கழற்றச் செருப்பு இல்லாததால் அது நேராக ஏறியது. ஒரு தீபாவளிக்கு முன்னால், விரித்துப்போட்டிருந்த மயில்கழுத்து நிறப் பட்டின் மேல் ஒரு பொமரேனியன் வட்டமடித்து, முந்தானை பார்த்துப் படுத்துக்கொண்டது. விற்பனையாட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. முதலாளியே எழுந்து வந்து, அதற்கும் இந்த நிறந்தான் பிடித்திருக்கிறது போல என்று சிரித்து வைத்தார். நாய்க்காரம்மா வேறு நிறத்தில் ஒன்று எடுத்துக்கொண்டு போனார். பக்கத்தில் கல்யாணப்பட்டுப் பார்த்துக்கொண்டிருந்த ஈரோட்டுக் குடும்பம், வந்த காப்பியைக் கூடத் தொடாமல், அப்புறம் வருகிறோம் என்று எழுந்தது. அவர்கள் அப்புறம் வரவில்லை.

அன்று சாயங்காலமே சென்னியப்பனைக் கூப்பிட்டு முதலாளி விதிகளைச் சொன்னார். ஒரு போர்டு எழுதி மாட்டிவிடலாமே என்று சென்னியப்பன் கேட்டதற்கு லட்சுமணசாமியின் முகம் சுருங்கிப்போனது.

"வந்த ஒறம்பரைய வாசல்ல நிறுத்தி, உள்ள வராதேன்னு சொல்றாப்பல ஆயிப்போகும்பா. போர்டை நாயா படிக்கப்போகுது? அந்தம்மாதான படிக்கும்."

வீடு தேடி வரும் விருந்தாளிக்குத்தான் அந்தப் பக்கம் ஒறம்பரை என்று பெயர். பொமரேனியனும் அதில் சேர்த்தி என்று சென்னியப்பனுக்கு அன்றுதான் தெரியும்.

சென்னியப்பனின் ஊர் கிணத்துக்கடவுப் பக்கம். அவருடைய அப்பா தோட்டங்களில் கூலிக்குப் போனவர். ஊர் டீக்கடையில் வெளியே நின்று டீ குடித்தவர். அந்த வகையில் வாசலில் நிற்கும் கலை சென்னியப்பனுக்குப் பரம்பரைச் சொத்து. வேறு சொத்து இல்லாததால் இளம் வயதிலேயே கோயமுத்தூர் வந்து ஒரு நூற்பாலையில் சேர்ந்தார். இயந்திரங்களுக்கு நடுவே நாளெல்லாம் நடந்துகொண்டே அறுந்த நூலை ஒட்டுவது வேலை. ஆலையை மூடியபோது கையில் கொஞ்சம் பணமும் இரண்டு கெட்ட முட்டிகளும் மிஞ்சின. பணம் முதலில் தீர்ந்தது. நூல் நூற்ற இடத்திலும் நின்றுகொண்டிருந்தவர், சேலை விற்கும் இடத்திலும் வந்து நின்றார். இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்த ஞாபகம் அவருக்கு இல்லை.

நாய்களிடம் அவருக்குப் பிரியமும் கிடையாது, பயமும் கிடையாது. அதனால்தானோ என்னவோ வேலையில் தேர்ந்துவிட்டார். கார் கதவு திறந்து நாய் தலையை நீட்டியதும் அவர் போய் நிற்பது நாய்க்காரம்மாவின் முன்னால் அல்ல, நாயின் முன்னால். கயிற்றைக் கேட்கமாட்டார், கேட்டால் பிடுங்குவது போலாகிவிடும். குனிந்து நாயிடம்தான் பேசுவார்.

"வாங்க, வாங்க. இந்த வெயில்ல வந்திருக்குது பாருங்க. உள்ளாற ஏசி இதுக்கு ஆகாதுங்க அம்மணி, சளி புடிச்சுக்கும். சித்த இங்கயே காத்தாட இருக்கட்டுங்க. நான் பாத்துக்கறனுங்க."

சொல்லிக்கொண்டே ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைப்பார். சிறுவாணித் தண்ணீர். அவர் வீட்டுக் குழாயில் அது வாரத்தில் ஒரு நாள் வந்தால் உண்டு. அந்த அம்மாவுக்கு, நாயை உள்ளே கூட்டிப் போனால் அதைக் கொடுமைப்படுத்தியதாகிவிடும் என்று தோன்ற ஆரம்பித்துவிடும். தானாகவே கயிற்றை நீட்டுவார். நன்றி வேறு சொல்வார்.

ஒரு நாயும் உள்ளே போகவில்லை. முதலாளிக்கு மகிழ்ச்சி. ஆனால் இந்த ஏற்பாட்டில் யாரும் யோசிக்காத ஒரு கோளாறு இருந்தது. நாயை வீட்டில் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தவர்களும், அந்தக் கடையில் நாயை நன்றாகப் பார்த்துக்கொள்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கூட்டி வரத் தொடங்கினார்கள். பக்கத்து நகைக்கடைக்குப் போகிறவர்கள் கூட, பட்டுக்கடை வாசலில் நாயை ஒப்படைத்துவிட்டு அங்கே போனார்கள். நாய் வராமல் இருக்கச் செய்த உபாயத்தால் அந்தத் தெருவிலேயே அதிகமாக நாய் வரும் கடை அது என்று ஆகிவிட்டது. சனிக்கிழமைகளில் சென்னியப்பனின் இரண்டு கைகளிலுமாக ஒரு பொமரேனியன், ஒரு டாபர்மேன், சாதி சொல்லத் தெரியாத ஒரு குட்டி. பக்கத்தில், சேலை தேர்வு எப்போது முடியும் என்று தெரியாமல் வெளியே வந்து நிற்கும் கணவன்மார்கள். அவர்களுக்கு மட்டும் யாரும் தண்ணீர் வைக்கவில்லை.

இத்தனைக்கும் நடுவே சென்னியப்பனுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. கடைக்குள்ளே, பணம் கட்டிய சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டுப் பார்சலை எடுத்துக் கொடுக்கும் மேஜைக்குப் பின்னால் ஒரு நாற்காலி இருந்தது. அதில் அரங்கசாமி என்ற பெரியவர் உட்கார்ந்திருந்தார். மார்கழியோடு வேலையை விட்டுவிட்டு மகன் வீட்டுக்குப் போகப்போகிறார். அவருக்குப் பிறகு அந்த இடம் சென்னியப்பனுக்குத்தான் என்று முதலாளி முன்னொரு சமயம் சொல்லியிருந்தார். முட்டியைப் பார்த்த டாக்டரும், மருந்தை விட முக்கியம் நிற்காமல் இருப்பது என்று சொல்லிவிட்டார். அந்த நாற்காலியை நினைத்துக்கொண்டுதான் சென்னியப்பன் அந்த மழைக்காலத்தை நின்றே கழித்தார்.

மார்கழி பாதியில், பயந்து பயந்து, முதலாளியிடம் நினைவுபடுத்தினார். லட்சுமணசாமி அவரை ஏற இறங்கப் பார்த்து மிகவும் அன்பாகப் பேசினார்.

"எனக்கு மறக்குமா சென்னியப்பா? ஆனா உள்ளாற ஏசி உனக்கு ஆகாதே. முட்டிவலிக்காரனுக்குக் குளிரு எமனாட்டம். நீ வெளிய காத்தாட இருக்கறதுதான் ஒடம்புக்கு நல்லது. நான் பாத்துக்கறேன்."

அன்று வீட்டுக்குப் போன சென்னியப்பன், முதலாளிக்குத் தன் முட்டியின் மேல் இருக்கும் அக்கறையை மனைவி மாசாணியம்மாளிடம் விவரமாகச் சொன்னார். அவள் தோசைக்கல்லில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ஏனுங்க, இதே பேச்சைத்தான பொமரேனியனுக்கு நீங்க சொல்லுவீங்க?"

சென்னியப்பன் வாயில் வைத்த தோசையை மெல்லாமல் இருந்தார்.

"தண்ணி வெச்சாருங்களா?" என்று கேட்டுவிட்டு அவள் அடுத்த தோசையை ஊற்றினாள்.

கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டியிருக்கிறது. அவருக்கு வந்தது அசதிதான். முதலாளி அந்தப் பேச்சைத் தன்னிடமிருந்தே கற்றுக்கொண்டாரா, அல்லது உலகத்தில் எல்லா வாசல்களிலும் அதே பேச்சுதானா என்று யோசித்துப் பார்த்தார். விடை எதுவானாலும் காலையில் போய் நிற்க வேண்டும் என்பதால் யோசனையை விட்டுவிட்டார்.

தை பிறந்து முகூர்த்தக் கூட்டம் தொடங்கியது. ஒரு நாள் காங்கேயத்திலிருந்து இரண்டு வண்டி நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். எண்ணெய் மில் வைத்திருக்கும் கிருபாசங்கர் தன் மகள் நித்யஸ்ரீக்குக் கல்யாணப்பட்டு எடுக்க வந்திருந்தார். அந்தப் பெண்ணின் கையில் ஒரு அல்சேஷன். டைகர் என்று பெயர். கல்யாணமாகிப் போனால் இவனைப் பிரிய வேண்டுமே என்று, போகிற இடத்துக்கெல்லாம் கூட்டிக்கொண்டு திரிந்தாள். அந்தப் பருவத்திலேயே பெரிய வியாபாரம் இதுவாகத்தான் இருக்கும் என்று மாடியிலிருந்து பார்த்த லட்சுமணசாமிக்குத் தெரிந்தது.

சென்னியப்பன் வழக்கம் போல நாயை நோக்கி இரண்டடி வைத்தார். குனிய வேண்டும். அன்று முட்டி மடங்கவில்லை. வாங்க வாங்க என்பதில் தொடங்கி, வெயில், ஏசி, சளி, காற்று என்று அவர் போக வேண்டிய தூரம் முழுவதும் கண் முன்னால் நீண்டு கிடந்தது. அத்தனை வார்த்தைக்கு அன்று அவரிடம் இருப்பு இல்லை.

"நாய் உள்ள ஆகாதுங்க," என்றார்.

அந்த வாக்கியம் தைரியத்தால் வந்ததல்ல. மற்றதை விடச் சின்னதாக இருந்ததால் வந்தது.

கடை இடிந்து விழவில்லை. கிருபாசங்கர் மகளைப் பார்த்து, "நான் ஊட்டுலயே சொன்னனில்ல கண்ணு?" என்றார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கயிற்றை டிரைவரிடம் கொடுத்தாள். டிரைவர் டைகரை மர நிழலுக்குக் கூட்டிப் போனார். அவ்வளவுதான். இத்தனை காலமாக ஊற்றிய சிறுவாணித் தண்ணீரையெல்லாம் சென்னியப்பன் நினைத்துப் பார்த்தார்.

அதற்குள் மாடியிலிருந்து லட்சுமணசாமி மூச்சிரைக்க இறங்கி வந்தார். ஆள் தெரியாமல் பேசிவிட்டான், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம், டைகரும் நம் வீட்டு ஒறம்பரைதான், உள்ளே வரட்டும் என்று கைகூப்பினார்.

கிருபாசங்கருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அட நீங்க ஒண்ணுங்க. முகூர்த்தச் சேலை விரிக்கற எடத்துல நாய்க்கென்னங்க சோலி? போன கடையில இவன உள்ள உட்டுப்போட்டாங்க. என்ற அக்கா அங்க ஒரு சேலையத் தொடலீங்களே. இவரு சொன்னதுதான் செரி."

அக்கா முதல் ஆளாகப் படியேறினார். பின்னால் எல்லோரும் ஏறினார்கள். லட்சுமணசாமி கூப்பிய கையை எப்போது பிரிப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார்.

கூட்டம் போன பிறகு சென்னியப்பன் முதலாளியின் முன்னால் போய் நின்றார். ஒரே நாளில் இரண்டாவது தடவை நேராகப் பேசுவது அவருக்கே புதிதாக இருந்தது.

"மொதலாளி, எனக்கு முட்டி வலிக்குதுங்க. உக்காரோணும். அரங்கசாமி அண்ணன் எடத்த எனக்குக் குடுங்க."

லட்சுமணசாமி ஏசியைப் பற்றிப் பேச வாயெடுத்தார். சென்னியப்பனின் முகத்தில் என்ன கண்டாரோ, அந்தப் பேச்சை விட்டுவிட்டார். மேஜை மேல் இருந்த பேனாவை மூடினார், திறந்தார்.

"அது ஆகாது சென்னியப்பா. என்ற சித்தப்பா மக கோமளாவுக்குன்னு சொல்லிப்போட்டேன். திங்கக்கெழம வருது."

அத்தனை வருஷத்தில் முதலாளி அவரிடம் சொன்ன முதல் நேரான வார்த்தை அது. வலித்தது. ஆனால் காற்றாட இரு என்றதை விடக் குறைவாக வலித்தது என்று சென்னியப்பன் பிற்பாடு மாசாணியம்மாளிடம் சொன்னார். அதில் என்ன லாபம் என்று அவள் கேட்டாள்.

"அப்ப வெளியில ஒரு சேராச்சும் போடுங்க," என்றார் முதலாளியிடம்.

"அது ஆகும்," என்றார் லட்சுமணசாமி. வாசலில் இருப்பவன் உட்கார்ந்திருந்தால் வருகிறவர்களுக்கு மரியாதைக் குறைவாகத் தெரியாதா என்று அவருக்கும் தோன்றியிருக்கும். ஆனால் ஒரே நாளில் இரண்டு முறை ஆகாது என்று சொல்ல அவருக்குப் பழக்கம் இல்லை.

மறுநாள் மடக்கு நாற்காலி ஒன்று வாசல் நிழலில் வந்து சேர்ந்தது. சென்னியப்பன் அதைத் துடைத்தார். உட்கார்ந்தார். முட்டிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று அவிழ்ந்து இறங்குவது போல இருந்தது. எதிரே பஸ்கள் போவதை உட்கார்ந்தபடி பார்த்தார். நின்று பார்த்ததை விடப் பெரிதாக இருந்தன. ஒரு பொமரேனியன் வந்தபோது, நேராகச் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்து, பிறகு வெயில், சளி, காற்று என்று பழைய வழியிலேயே போய்க் கயிற்றை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். வாய் அதற்குத்தான் பழகியிருந்தது. உட்கார்ந்து பிடித்தால் நாய் அப்படி ஒன்றும் கனமில்லை.

பதினொரு மணி வாக்கில் உள்ளேயிருந்து ஒரு கணவர் வெளியே வந்தார். அறுபது வயதிருக்கும். இரண்டு மணி நேரம் சேலை பார்த்த களைப்பு கண்ணில் தெரிந்தது. தூணில் சாய்ந்து ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார். நாற்காலியைப் பார்த்தார். கேட்கவில்லை.

சென்னியப்பனும் அந்தப் பக்கம் பார்க்காமல்தான் இருந்தார். எவ்வளவு நேரம் பார்க்காமல் இருப்பது? உட்காரப் பழக்கமில்லாத உடம்பு, யாரும் சொல்லாமலே எழுந்துவிட்டது.

"உக்காருங்க."

"பரவால்லீங்க. நீங்க இருங்க," என்றார் அவர், நாற்காலியை நோக்கி நகர்ந்துகொண்டே.

"இருக்கட்டுங்க," என்றார் சென்னியப்பன். "நான் சித்த காத்தாட நிக்கறனுங்க."

அவருக்குப் பின் இன்னொருவர் வந்தார். முகூர்த்த மாதம். உள்ளே சேலைக்குக் குறைவில்லை, வெளியே கணவன்மாருக்கும் குறைவில்லை. நாற்காலி அன்று கடை சாத்தும் வரை ஆறவில்லை. பொமரேனியன் அதன் கால்களுக்கு நடுவே நீட்டிப் படுத்துத் தூங்கிவிட்டது. கயிற்றின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, ஒரு காலை மாற்றி ஒரு காலில், சென்னியப்பன் நின்றுகொண்டிருந்தார்.