சாவியை எடுத்த பிறகும் ஓடிய எஞ்சின்

2014 ஜனவரி 25, சனிக்கிழமை. அன்று மாலை என் மகளின் உயிரைக் குடிக்கப் பார்த்த ஒரு பொருள், ஜப்பானின் தகாசாகி நகரில் இன்றும் ஒரு கடையின் கண்ணாடி அலமாரியில் விற்பனைக்கு இருக்கிறது. இதுவே என் முறையீடு. முப்பத்தாறு ஆண்டுகள் பள்ளியில் இலக்கணம் கற்பித்தவன் நான். ஒரு சொல்லையும் மிகையாக எழுதிப் பழகியதில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

என் மகள் மிசுஹோ பல் மருத்துவமனை ஒன்றில் பணிபுரிகிறாள். விடுமுறை நாள் முழுவதும் எங்கள் வீட்டுக் கராஜில், இருபதாண்டுப் பழைய தன் டர்போ காரின் அடியில்தான் கிடப்பாள். எஞ்சினுக்கு வலுவூட்டும் பெரிய டர்போவும் அகன்ற புகைக்குழாயும் அவளே பொருத்தியவை. மலைப்பாதையில் விரட்டி வந்த வண்டியை உடனே அணைத்தால், தணலாகச் சிவந்திருக்கும் டர்போ பழுதாகிவிடும். ஆகவே, சாவியை எடுத்த பின்னும் எஞ்சினை ஒரு நிமிடம் ஓடவிட்டு, பிறகு தானே அணைக்கும் சிறு டைமர் ஒன்றைப் பழைய பாகங்கள் விற்கும் கடையில் வாங்கி வந்தாள்.

முதல் நாள் அது எஞ்சினை மூன்று நிமிடம் ஓடவிட்டது. மறுநாள் ஏழு.

"ஒரு நிமிஷம்தானே வச்ச?"

"பழசு இல்லையாப்பா... உங்க பேச்சு மாதிரி, நிறுத்தத் தெரியல."

"கழட்டிப் போடு."

"சரிங்க வாத்தியாரே."

சனிக்கிழமை மதியம் கழற்றிச் சமையலறை மேசையில், செய்தித்தாளின் மேல் வைத்தாள். நான்கு கம்பிகள் வெறுமனே தொங்கின. "இனிமே வீட்டுக்கிட்ட வரும்போது மெதுவா ஓட்டி ஆற வச்சுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, வண்டியை எடுத்துக்கொண்டு போனாள்.

மாலை 6.40. வண்டி திரும்பியது. உடனே ஷட்டர் இறங்கும் ஒலி. புகைக்குழாயின் இரைச்சல் அண்டை வீட்டாருக்குத் தொல்லையாகிவிடக் கூடாது என்று அவள் கைக்கொண்ட பழக்கம் அது. முதலில் ஷட்டரை இழுத்து மூடுவாள். அதன் பிறகே மறுபடி இருக்கையில் அமர்ந்து எஞ்சினை அணைப்பாள்.

நான் மிசோ சூப்பைச் சூடேற்றிக்கொண்டிருந்தேன்.

சூப் கொதித்த பிறகும் எஞ்சின் நிற்கவில்லை.

குடு... குடு... குடு...

திரும்பினேன். மேசையின் மேல் சிவப்பு வெளிச்சம்.

டைமர் ஒளிர்ந்துகொண்டிருந்தது. அதன் கம்பிகள் எதனோடும் இணைந்திருக்கவில்லை.

எண்கள் இறங்கின... 4.31... 4.30... 4.29...

ஓடினேன்.

ஷட்டரைத் தூக்கினேன். புகை.

இருக்கையில் அவள். சீட் பெல்ட்டின் வார்கள் மீண்டும் மார்போடு இறுக்கப்பட்டிருந்தன. தலை தொங்கியிருந்தது.

சாவி அவள் கையில் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

வாரை அவிழ்த்து முற்றத்துக்கு இழுத்து வந்தேன். கன்னத்தில் அறைந்தேன். மூச்சு... வந்தது.

ஆம்புலன்சை அழைக்க உள்ளே ஓடினேன். தொலைபேசியை எடுத்த நொடியில், வெளியே எஞ்சின் தானே நின்றது.

மேசையில் 0.00.

"இன்னும் நாலஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா, நான் உங்ககிட்ட வேற விதமாப் பேசியிருப்பேன் ஐயா" என்றார் மருத்துவர்.

மறுநாள் மிசுஹோ வாய் திறந்தாள்.

"சாவிய எடுத்ததும் எஞ்சின் நின்னுடுச்சுப்பா. இறங்கப் போனேன். பக்கத்து சீட்ல இருந்தவர், 'இன்னும் ஆறல, உக்காரு'ன்னார். சரின்னு உக்காந்துட்டேன்."

அந்த வண்டியில் பக்கத்து இருக்கையே கிடையாது. எடையைக் குறைப்பதற்காக, டிசம்பரிலேயே அவள் அதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டாள்.

திங்களன்று டைமரைக் கடைக்காரர் ஹொசாகாவின் முன் வீசினேன்.

"இதப் பத்தி யாரும் குறை சொன்னதில்லீங்களே ஐயா."

"யாராவது திருப்பித் தந்திருக்காங்களா?"

"ரெண்டு தடவ வந்திருக்கு."

"வாங்கினவங்க என்ன சொன்னாங்க?"

அவர் டைமரைத் துணியால் துடைத்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"வாங்கினவங்க வரலீங்க. வீட்டுக்காரங்கதான் கொண்டு வந்தாங்க... துக்கத்துக்குப் போடற கறுப்பு உடுப்புல."

பிறகு புதிய விலைச்சீட்டை ஒட்டி, அதை மீண்டும் அலமாரியில் வைத்தார்.

வாசகரே, பழைய பாகம் எதை வாங்கினாலும் கடைக்காரரிடம் கேளுங்கள்: இதைக் கடைசியாகப் பொருத்தியவர் இப்போது எங்கே? கடைக்காரர் வாய் திறந்து பதில் சொல்லும்வரை, அந்தப் பொருளைத் தொடாதீர்கள்.