பேர் கொடுத்த வருஷம்

தார் மணம் மூக்கில் ஏறினால் இன்றும் எனக்குச் சூலியா தெருவுக்குப் பின்னாலிருந்த எங்கள் சந்துதான் நினைவுக்கு வருகிறது. ஒருநாள் அம்மாவும் நானும் "பாசாரு"க்குக் காய்கறி வாங்கப் போய்த் திரும்புவதற்குள், சந்திலிருந்த பலகை வீடுகள் அத்தனையிலும் கதவுக்குக் கதவு கறுப்பாக எண் எழுதிவிட்டுப் போயிருந்தார்கள். எங்கள் கதவில் நாற்பத்தொன்று, ஈரம் காயாமல் கீழே வழிந்துகொண்டிருந்தது. தார் டின்னோடு இரண்டு பேர் வந்தார்கள், கேட்டதற்கு ஒன்றும் சொல்லவில்லை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஒன்றும் சொல்லாமல் போனவனை யார் நம்புவது? அம்மா மண்ணெண்ணெயில் துணியை நனைத்துத் தேய்த்துப் பார்த்தாள். எண்ணும் போகவில்லை, அவளுடைய சந்தேகமும் போகவில்லை.

அது முப்பத்தொன்றாம் ஆண்டு. மலாயா முழுவதும் ரப்பர் விலை பாதாளத்துக்குப் போய், தோட்டங்கள் மூடப்பட்டு, வேலையிழந்த தமிழர்களைக் கப்பல் கப்பலாக ஊருக்குத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டில்தான் சர்க்கார் நாட்டிலுள்ள சனங்களை எண்ணவும் புறப்பட்டது; கதவில் எண் போட்டது அதற்குத்தான். சரித்திரம் எழுதுகிறவர்கள் இவை இரண்டையும் வெவ்வேறு பக்கங்களில் வைத்திருப்பார்கள். எங்கள் சந்திலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. எல்லாம் ஒரு சொல்லால் வந்த வினை. "பேர் கொடுப்பது" என்றால் அந்த வருஷம் எங்களுக்குள் ஒரே பொருள்தான்: ஊருக்குப் போகிறேன் என்று கப்பலுக்குப் பதிவு செய்துகொள்வது. ஒருவன் பேர் கொடுத்துவிட்டான் என்று கேள்விப்பட்டால், அவனுடைய பாயையும் சட்டியையும் யார் எடுத்துக்கொள்வது என்பதுதான் அடுத்த பேச்சு. அப்படிப்பட்ட நேரத்தில், வீடு வீடாக ஒரு கிராணி, அதாவது சர்க்கார் குமாஸ்தா, வந்து "பேர் எழுதப் போகிறார்" என்று சேதி வந்தால் சனங்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

பக்கத்து வீட்டு வெற்றிலைக் கடைக்காரர் எல்லாம் தெரிந்தவர்போல் சொன்னார்: "நாமளா பேர் குடுக்கலேன்னா அவனே வந்து எழுதிக்குவான்லா. வேலை இல்லாதவன்தான் மொதல்ல. எங்க பொறந்தேன்னு வேற கேப்பானாம். எதுக்குக் கேக்குறான்? அங்கேயே கொண்டுபோய் விடத்தான்."

எங்கள் வீட்டிலும் வேலையில்லாத ஒருவர் இருந்தார், முத்தையா மாமா. அம்மாவின் ஒரே தம்பி. கெப்பாலா பத்தாஸ் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவர், தோட்டம் மூடியதும் எங்களிடம் வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. ஊரில் அவருக்கென்று ஒரு நாதியில்லை. மூன்று வயதில் அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து கப்பலேறி வந்த பிள்ளை அவர். அப்பாவுக்கோ கிட்டங்கியில் வாரத்துக்கு மூன்று நாள்தான் மூட்டை தூக்கும் வேலை கிடைத்தது. மாமா வேலை தேடி ஆயர் ஈத்தாம் வரை நடந்தே போய்த் திரும்புவார். சாப்பிட உட்கார்ந்தால் பானையின் அடியில் அகப்பை உரசும் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருப்பார். "நீ சாப்பிட்டியாக்கா?" என்பார். "அப்பவே ஆச்சு" என்பாள் அம்மா. அவர் நம்பியதில்லை.

கிராணி வந்த காலையில் அப்பா வேலைக்குப் போயிருந்தார். அம்மா மாமாவைப் பின்கட்டிலிருந்த குளிக்கும் அறைக்குள் தள்ளி, நான் எதையாவது உளறிவிடுவேன் என்று என்னையும் கூடவே தள்ளிக் கதவைச் சாத்தினாள். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இருவரும் உட்கார்ந்துகொண்டோம். தகரத் தடுப்புத்தானே, பேசியதெல்லாம் கேட்டது. கிராணி நம் தமிழர்தான், பதவிசாகப் பேசினார். பேர், வயது, பிறந்த ஊர் எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, பக்கத்தில் யாரோ சொல்லியிருப்பார்கள்போலும், "உங்க தம்பியும் இங்கதான் இருக்காராமே?" என்றார்.

"தம்பியா? எனக்கு ஏதுங்க தம்பி? நான் ஒத்தப் பிள்ளை."

அதோடு நிறுத்தியிருக்கலாம். பொய் சொன்னாலும் பொருந்தச் சொல் என்பார்கள், பொருந்த வேண்டுமே என்ற பயத்தில் அம்மா மேலும் சொன்னாள்: "இருக்கிறதே மூணு வயிறு. இதுல வேலவெட்டி இல்லாத தடிமாட்டை வச்சுச் சோறு போட எங்களுக்கென்ன கிறுக்கா?"

மாமா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. ஆனால் வாயைத் திறந்தால் தோலை உரிப்பேன் என்று அவள் மிரட்டியிருந்ததால் சொல்லவில்லை. அதற்காக இன்றுவரை என்மேல் எனக்குக் கோபம் உண்டு.

நான்காம் நாள் மத்தியானம் மாமா வந்து, "அக்கா, பேர் குடுத்துட்டேன்" என்றார்.

அம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "உன்னைய அனுப்பிடக் கூடாதுன்னுதாண்டா அன்னைக்கு அப்படிச் சொன்னேன்!"

"தெரியும்க்கா. ஆனா மனசுல இல்லாதது வாயில வருமா?"

பேரை அழித்துவிட்டு வரலாம் என்று அப்பா கூப்பிட்டும் மாமா அசையவில்லை. அவர் கப்பலேறி ஒரு வாரம் கழித்துத்தான், வந்த கிராணி எழுதியது வெறும் தலைக்கணக்கு, அதற்கும் கப்பலுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை என்று கிட்டங்கியில் யாரோ அப்பாவுக்கு விளக்கியிருக்கிறார்கள். நாகப்பட்டினத்தில் இறங்கிவிட்டதாக ஒரு கடுதாசி வந்தது. அதன்பிறகு ஒன்றும் வரவில்லை.

இப்போது அந்தச் சந்து இல்லை. பலகை வீடுகளை இடித்துவிட்டு, கார்கள் நிற்க இடம் செய்திருக்கிறார்கள். வெற்றிலைக் கடை இல்லை, சனங்களை ஏற்றிப் போன கப்பலும் இல்லை. பேர் கொடுத்துவிட்டேன் என்று பேத்தி சொன்னால், பள்ளி ஓட்டப்பந்தயத்துக்கு என்று அர்த்தம். எனக்குத்தான் ஒரு நொடி, எந்தக் கப்பலுக்கு என்று கேட்க வாய் வருகிறது.

யுத்தம் முடிந்தபின் மறுபடியும் சனங்களை எண்ண வந்தார்கள். அம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. வந்த பையனுக்கு நாற்காலி போட்டு, காப்பி கொடுத்து, அவன் கேட்பதற்கு முன்பே ஆரம்பித்தாள்: "தம்பி, எனக்கு ஒரு தம்பி உண்டு. பேரு முத்தையா. எழுதிக்குங்க."

"இங்க இருக்காராம்மா?"

"இல்ல."

"இந்த வீட்டுல இருக்கிறவங்களை மட்டுந்தாம்மா எழுதணும்."

"இருந்தான்யா," என்றாள் அம்மா. "நான்தான் இல்லேன்னு சொல்லிட்டேன்."